எதிரியின் அண்ணனைப் பிடி!

இராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் சேத்தூர், சிவகிரி என்று ஊர்கள் சர்ரென்று ஓடிவிடும். 1750களில் இவை ஒவ்வொன்றும் தனி 'நாடு' சார்! ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு மீசை. ஓட்டுப்பெட்டி கிடையாது. ஆனால் கூட்டணி தாவல் உண்டு என்பதால் முக்கால்வாசி ஜனநாயகம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வடக்கே ஆற்காட்டு நவாப் முகமது அலி. அவர் தோளில் கிழக்கிந்தியக் கம்பெனி. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். நடுவில் சிக்கியவர், நெற்கட்டும்செவல் பூலித்தேவர். சிக்கியவர் என்றா சொன்னேன்?

1755-ல் கப்பம் வாங்கக் கம்பெனியின் கர்னல் ஹெரான் வந்தார். கோட்டையை உடைக்கத் தோதான பீரங்கி இல்லை, உணவும் தட்டுப்பாடு. இந்த லட்சணத்தில் 20,000 ரூபாய் கேட்டார். பூலித்தேவர் பைசா தரவில்லை. கர்னல் கிளம்பிவிட்டார், சென்னையில் அவருக்குக் கோர்ட் மார்ஷல்!

அவர் மதுரை, நெல்லைச் சீமைகளை வருஷம் 15 லட்சத்துக்குக் குத்தகை விட்ட ஆளைப் பாருங்கள்: மாபூஸ் கான், நவாபின் அண்ணன். தம்பி சிம்மாசனத்தில், அண்ணன் வசூலில்! 1746-ல் அடையாற்றங்கரையில் 10,000 பேரோடு நின்று, மிகச் சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்ற மாவீரர் இவர்தான். இன்னொரு சகோதரர் காவல் காத்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோட்டையும் பூலித்தேவர் கூட்டணியிடம் போனது. குடும்பமே வரிசையில் நின்று தோற்றது.

கடைசியில் மாபூஸ் கான் பூலித்தேவர் பக்கமே வந்துவிட்டார்! நவாபின் அண்ணன், நவாபின் எதிரியிடம். இனி யாராவது 'கலகக்காரா' என்றால், 'நான் மூத்தவர் கட்சிங்க' என்று சொல்லிக்கொள்ளலாமே. பீரங்கியைவிட அண்ணன் தம்பி சண்டைதான் மலிவான ஆயுதம்.

ஆனால் சொந்த ஏரியா? எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் கூட்டணிக்கு வரவில்லை. அவர்கள் ஆட்கள் எதிர்த்தரப்பிடம் பிணையாகச் சிக்கியிருந்தது பாதிக் காரணம். பக்கத்து வீட்டு மீசையை யார் சகிப்பது என்பது மீதி (இது என் சந்தேகம்).

பூலித்தேவரின் நண்பர் திருவிதாங்கூரோ, 1759-ல் கம்பெனித் தளபதி யூசுப் கான் களக்காட்டைத் தருகிறேன் என்றதும் அப்படியே அந்தப் பக்கம்! ஆமாம், கமல் ஆரம்பித்து இன்னும் முடிக்காத மருதநாயகமேதான். அந்த வருஷம் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை முன் வெடிமருந்து தீர்ந்து திரும்பியவர், 1761-ல் மறுபடி வந்து கோட்டையைப் பிடித்தார்.

ஜெயித்தவருக்கும் ஆசை வந்தது, மதுரையைத் தானே ஆளலாமென்று. சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று நவாபும் கம்பெனியும் அவரை மதுரையில் தூக்கிலிட்டார்கள்.