கல்மரமும் காதும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பாட்டு ரசனையின் படிவியல்

வயது ஏற ஏறப் பாட்டு ரசனை மாறும் என்பது உலகத்தார் கொள்கை. இருபதில் ஆடவைத்த பாட்டு நாற்பதில் தலைவலி தரும். நாற்பதில் உருகவைக்கும் பாட்டை இருபது வயதுப் பையன் கேட்டால் “யாரு செத்தது?” என்பான். இது குறித்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேராசிரியர்கள் கணக்கெடுத்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் அரியலூர் வண்டிக்குக் காத்து நின்றதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆய்வுக் கட்டுரையைக் கடைசிவரை யாரும் படிப்பதில்லை. ரசனை மாறுவதில்லை, படிகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக. நாம் வெளியே சொல்லிக்கொள்வது மேல்படிவத்தை மட்டும். அடியில் கிடப்பது ஆயுசுக்கும் அங்கேயே கிடக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் தலைகாட்டும்.

களமும் முறையும்

இந்த இரண்டு மாவட்டங்களை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று தேர்வாளர் கேட்கக்கூடும். அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2002இல் திரும்பச் சேர்க்கப்பட்டது. 2007இல் மறுபடி பிரிந்தது. அரசாங்கத்துக்கே அடிக்கடி ரசனை மாறிய பூமி இது. ஆய்வுக்கு வேறு தகுதி வேண்டியதில்லை.

இருந்தாலும் வலுவான காரணம் மண்தான். பத்துப் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடந்தது. இங்குள்ள பாறைகளை ஆராய்ந்து 1862இல் நூலாக வெளியிட்ட எச்.எஃப். பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர், அவற்றை அடியிலிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலக நிலவியல் நூல்களில் இன்றும் அந்தப் பெயர்கள் நிற்கின்றன. பாடாலூருக்குப் பக்கத்து ஊட்டத்தூரில் டீக்கடையில் இதைச் சொன்னால், “எங்க ஊருக்கு டவுன் பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல” என்பார்கள். அந்தக் கடலின் சிப்பியும் சுண்ணாம்பும்தான் இப்போது அரியலூர் சிமெண்ட் மூட்டையாகித் தமிழ்நாட்டில் பாதி வீட்டுச் சுவரில் இருக்கிறது. அடியில் கிடப்பது அடியிலேயே அடங்கிக் கிடக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே பிளான்ஃபோர்டின் மூன்று பெயர்களையும் அவர் அனுமதியின்றி எடுத்துக்கொள்கிறோம்.

ஆய்வு முறை எளிது: பேருந்தில் பக்கத்து இருக்கை. மாதிரித் தேர்வை நடத்துனர் பார்த்துக்கொள்வார்.

ஊட்டத்தூர்ப் படிவம்

இது ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் படிவது. இதன் முதன்மை இயல்பு, கேட்பவருக்குத் தேர்வுரிமை கிடையாது என்பது. ஊரில் காதுகுத்து என்றால் முதல் நாள் இரவே மைக்செட் வந்துவிடும். இரண்டு குழாய்கள்: ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, புளியமரத்தில் ஆள் ஏறிக் கட்டுவார். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அடுத்து டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு. ஆடி மாதமானால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. லப்பைக்குடிகாடு பக்கம் நாகூர் ஹனிபாவின் குரல். எட்டு மணிக்குமேல் எம்.ஜி.ஆர்., சிவாஜி. நிறுத்தும் சுவிட்ச் நம் வீட்டில் இல்லை. மைக்செட்காரர் சாப்பிடப் போயிருப்பார்.

திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரே காரணத்துக்காக ஒன்று பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் ஸையன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் சோதனை வைத்து நிறுவினார். நம் மைக்செட்காரர்கள் அதற்கு முன்பே நிறுவியிருந்தார்கள். கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் படிவத்தின் உறுதியைச் சோதிக்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வண்டி அந்த நிறுத்தத்தில் நின்றபோது ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு வந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர் கடவுள் மறுப்பாளர். அதுவரை அரை மணி நேரம் என்னிடம் அதைத்தான் விளக்கிக்கொண்டு வந்தார். அவருடைய வலது கால் தாளம் பிசகாமல் ஆடியது. சுட்டிக்காட்டினேன்.

“கொசு கடிச்சுச்சு தம்பி” என்றார்.

திருச்சிராப்பள்ளிப் படிவம்

இது இளமையில் படிவது. 1939இல் திருச்சி வானொலி வந்தது. அதற்குப்பின் வந்த தலைமுறைகளுக்கு இலங்கை வானொலியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் இந்தப் படிவத்தின் உண்மையான சுரங்கம் ரெக்கார்டிங் கடை. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து 1992இல் ‘ரோஜா’ வந்து சில காலம்வரை இளைஞர் ஒருவருடைய ரசனைக்கு எழுத்து ஆதாரம் உண்டு: நோட்டில் கிழித்த தாளில் பாட்டு வரிசை எழுதிக் கடையில் கொடுத்த பட்டியல். ஏ சைடு, பி சைடு, 60 கேசட்டா 90 கேசட்டா. வளைகுடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த டபுள் டெக் இருந்தால் தெருவில் அந்த வீட்டுக்குத் தனி மரியாதை.

இங்கே ஒரு நுண்ணிய புதைபடிவத்தைக் காட்ட வேண்டும். பட்டியலில் எழுதிய பாட்டுகள் ஒரு பக்கத்து நீளத்துக்குச் சரியாக அடங்காது. கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் டப்பென்று அறுந்துபோகும். அல்லது இரண்டு நிமிட நாடா மிஞ்சும். அதில் கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டை ஊற்றிவிடுவார். இன்று அறுபதைத் தொடும் ஒருவர் குளிக்கும்போது பாடுவதைக் கவனியுங்கள். இரண்டாவது சரணத்தில் அதே இடத்தில் நிற்பார். மீதிப் பாட்டு அவருக்குத் தெரியும்; கைப்பேசியில் முழுசாகப் பலமுறை கேட்டாயிற்று. இருந்தும் வாய் அங்கே நிற்கும். முதல் பாட்டு முடிந்ததும் எந்தத் தொடர்பும் இல்லாத அடுத்த பாட்டை எடுப்பார், ஏனென்றால் அவர் கேசட்டில் அதுதான் அடுத்தது. அவர் ரசனை என்று நாம் நம்பும் ஒரு பாட்டு உண்மையில் கடைக்காரரின் ரசனை.

அரியலூர்ப் படிவம்

மேல்படிவம். பார்த்தாலே தெரியும், எனவே இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முப்பத்தைந்துக்குமேல் ஒருவரைக் கேட்டால் “நான் ராஜா சார் மட்டும்தான்” என்பார், அல்லது மார்கழியில் கர்நாடக சங்கீதம் கேட்கத் தொடங்கியிருப்பதை நாம் கேட்காமலே தெரிவிப்பார். இது விருந்தாளிக்கு விரிக்கும் பாய். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கேட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: இளமையில் அதிரடி இசை, நடுவயதில் மென்மையும் மேன்மையும். கேட்கப்பட்டவர்கள் மேல்படிவத்தை மட்டும் காட்டினார்கள் என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு. கால்களை யாரும் பார்க்கவில்லை.

உலா வாதம்

படிவியல் கொள்கைக்கு எதிரே இந்த மண்ணிலேயே ஒரு பழைய கொள்கை இருக்கிறது: பருவத்துக்குப் பருவம் மனம் மாறும் என்பது. அரசன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண்வரை ஏழு பருவத்துப் பெண்களும் தெருவுக்கு வந்து பார்த்து மயங்குவது உலா. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் ஒட்டக்கூத்தர் உலாப் பாடினார். அந்தச் சோழர்களின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில். பாட்டியல் நூல்கள் ஏழு பருவத்துக்கும் வயது குறித்திருக்கின்றன: மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40.

இனி அயலார் கணக்கைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபை தரவை அலசிய ஒரு கட்டுரை 2018இல் நியூயார்க் டைம்ஸில் வந்தது. பெண்களுக்கு 13 வயதில் வந்த பாட்டும், ஆண்களுக்கு 14 வயதில் வந்த பாட்டும்தான் பிற்காலத்திலும் ஒட்டிக்கொள்கின்றனவாம். மங்கைப் பருவம், மடந்தை வாசல். ஹோல்புரூக், ஷிண்ட்லர் இருவரும் 1989இல் கண்டது, நமக்கு ஏறத்தாழ 23½ வயதாக இருந்தபோது வந்த பாட்டே பிற்பாடு உச்சமாகப் பிடிக்கிறது என்பது. அரிவை, நட்டநடுவில். 2015இல் இன்னொரு ஸ்பாட்டிஃபைக் கணக்கு, அமெரிக்கர்கள் சராசரியாக 33 வயதில் புதுப்பாட்டைக் கைகழுவிவிடுகிறார்கள் என்றது. பேரிளம்பெண் தொடங்கி ஒரு வருஷம். நாற்பதைத் தாண்டியவர் தெருவுக்கு வந்து எட்டிப்பார்க்கப் பாட்டியலில் இடமில்லை, ஸ்பாட்டிஃபையிலும் இல்லை. கணினி இல்லாத காலத்தில் ஓலையில் எழுதியவர்களுக்கு இது பெரிய வெற்றிதான்.

ஆனால் உலாக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒட்டக்கூத்தரின் தெருவில் பேதை வளர்ந்து பெதும்பை ஆவதில்லை. ஏழு பேரும் ஏழு ஆட்கள். ஒரே தெருவில், ஒரே நேரத்தில், அரசனைப் பார்த்து நிற்கிறார்கள். ரசிகரின் உள்ளேயும் அப்படித்தான். ஐம்பத்தைந்து வயது ஆசிரியரின் உள்ளே பேதை இன்னும் புளியமரக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அரிவை கேசட்டைப் பென்சிலால் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வாசலுக்கு வந்து பேசுபவள் மட்டும் பேரிளம்பெண். இவ்வாறாக உலா வாதமும் படிவியலில் அடங்குகிறது.

கல்லாதல்

ரசனை எப்படி இறுகுகிறது என்பதற்குச் சாத்தனூர் போக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் கல்மரம் 18 மீட்டருக்குமேல் நீளம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. இப்போது வேலி போட்டுக் காவலில் கிடக்கிறது. மரம் கல்லாவது ஒரேயடியாக நடப்பதில்லை. புதைந்த மரத்துக்குள் தண்ணீரில் கரைந்த சிலிக்கா ஊறி, மரப்பொருள் அழிந்த இடத்தில் அணு அணுவாக உட்கார்ந்துகொள்கிறது. உருவம் அப்படியே இருக்கும். உள்ளே மரம் இருக்காது.

சிமெண்ட் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவரோடு அரியலூர் போகும் வண்டியில் பேசிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் வந்த பாட்டு ஒன்று ஓடியது. கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்தப் பாட்டுல என்னங்க நல்லாருக்கு?”

“அதெல்லாம் இப்ப வராதுங்க. புதுசா வேலைக்குச் சேந்திருந்தேன். சைக்கிள் வாங்கியிருந்தேன், பச்சைக் கலரு, டைனமோ வச்சது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா டீக்கடையில இதான் ஓடும். அப்பல்லாம் வடை இவ்வளவு பெருசு.”

ராகம், தாளம், பாடியவர் குரல், எழுதியவர் பெயர் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. திரும்பக் கேட்டேன், சைக்கிளின் விலையைச் சொன்னார். பாட்டின் உருவம் முழுசாக இருக்கிறது, உள்ளே பாட்டு இல்லை. ஒவ்வொரு அணுவிலும் சைக்கிள், டைனமோ, வடை. “இப்ப வர்ற பாட்டெல்லாம் ஒரு பாட்டா?” என்று பெரியவர்கள் கேட்பதன் அறிவியல் பொருள் இதுதான். புதுப்பாட்டில் இன்னும் வடை ஊறவில்லை.

வயதானால் உச்ச அலைவரிசை ஒலிகள் முதலில் காதைவிட்டுப் போகும், அதனால் மெய்யெழுத்துகள் மழுங்கிப் பாட்டு வரி புரியாமல் போகிறது என்று காது மருத்துவர்கள் மறுப்புரைப்பார்கள். உண்மைதான். ஆனால் அதே பெரியவருக்குச் சமையலறையில் தன்னைப் பற்றிப் பேசுவது மட்டும் எப்படி வரிக்கு வரி கேட்கிறது என்பதை மருத்துவம் விளக்கவில்லை.

அரிப்பு

காரை என்ற ஊர்ப் பக்கம் போனால் மழைநீர் களிமண்ணை அறுத்து ஓடைகளாக்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்த அரிப்பில்தான் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் வெளிப்படுகின்றன, தோண்ட வேண்டியதில்லை. ரசனைக்கும் அரிப்பு வேண்டும். கல்யாண வரவேற்பில் டிஜே வைத்தால் முதலில் மூக்கைச் சுளிப்பவர், 1995இன் ‘பாட்ஷா’ பாட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். (பெரம்பலூர் மாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டு. ஆட்டோவையும் ஆட்சியர் அலுவலகத்தையும் இணைத்து யாராவது ஆராயலாம்.) இரவுப் பேருந்து இன்னொரு அரிப்பு. பகலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயந்து புதுப்பாட்டு போடும் ஓட்டுநர், ஒன்பது மணிக்குமேல் பென்டிரைவை மாற்றுவார். அப்போது வருவது அவருடைய 23½.

இந்தக் கொள்கைக்குப் பிடிபடாத இடம் ஒன்று மிஞ்சுகிறது: சாவு வீட்டு மைக்செட். எந்தப் படிவத்துப் பாட்டு அங்கே ஒலிக்க வேண்டும், யாருடைய படிவத்திலிருந்து? செந்துறைப் பக்கம் ஒரு மைக்செட் கடையில் உட்கார்ந்திருந்தபோது எண்பதை நெருங்கும் ஒருவர் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் போனதும் இதைத்தான் போட வேண்டும் என்றார். ஏ சைடு, பி சைடு என்றே பிரித்து எழுதியிருந்தார். பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, பிறகு திடீரென்று ஒரு கிளப் டான்ஸ் பாட்டு. கடைக்காரர் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏங்கய்யா, அன்னைக்கு வாடகை குடுக்கறது ஒங்க மவன். அவரு சொல்றதத்தான நான் போட முடியும்? இந்தப் பாட்டப் போட்டா ஊரு என்னைய அடிக்க வரும்.”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மடியை அவிழ்த்து நோட்டுகளை எண்ணி மேசையில் வைத்தார்.

“முழு வாடகை. ரசீது என் பேருல போடு.”