பிரஷ் ஈரமா இருக்கா?

என் மகன் பல் தேய்த்துவிட்டானா என்று கண்டுபிடிக்க என்னிடம் இருந்த ஒரே உபாயம், பிரஷைத் தொட்டுப் பார்ப்பது. தினமும் ஈரமாகத்தான் இருந்தது. பிரஷைக் குழாயில் காட்டிவிட்டு வருவதும் பல் தேய்ப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பது எனக்கு உறைக்க, 14 வயதில் அவன் கடைவாயில் சொத்தை விழ வேண்டியிருந்தது.

"பல் தேய்க்க யாரு தம்பி சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா. பயல் கொஞ்சமும் கூசாமல் என் பக்கம் கையை நீட்டினான். உடனே ஒரு பிளாஸ்டிக் பல்செட்டையும் பிரஷையும் என் முன்னால் வைத்து, "எங்க சார், தேய்ச்சுக் காட்டுங்க" என்றார். 40 வருட அனுபவத்தை இறக்கினேன். இடமும் வலமுமாக நான் போட்ட போட்டில் பல்செட் மேஜை ஓரத்துக்கே போய்விட்டது.

"சார், இது பல்லு. அடிப்பிடிச்ச பால் பாத்திரம் இல்ல."

அப்புறம் பாடம், இருவருக்கும் சேர்த்து. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷை 45 டிகிரி சாய்த்து வைத்து, நோகாமல் சின்னச் சின்னதாக அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி வழித்துவிட வேண்டும். இதற்கு அடிப்படை போட்டவர் சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க டாக்டர். மலேரியாக் கிருமியை ஆராய்ந்து பேர் வாங்கியவர். மனிதர் அதோடு நின்றிருக்கலாம். கணக்கில் தப்பித்து வந்த பையனை, வாய்க்குள்ளேயும் கோணம் துரத்துகிறது.

12 வயதையொட்டிக் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லையாம். "கொல்லைப்பக்கம் புதுசா ரூம் கட்டியிருக்கு, இவன் வாசலை மட்டும் பெருக்கிட்டு வர்றான்" என்றார் டாக்டரம்மா. காலையில் இரண்டு நிமிடம், படுக்கும் முன் இரண்டு நிமிடம் என்பது அடுத்த உத்தரவு. இரண்டு நிமிடத்தில் நூடுல்ஸ் வேகாது என்பதை ஒப்புக்கொள்கிற என் மகன், பல் விஷயத்தில் 20 விநாடியே தாராளம் என்று நினைக்கிறவன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்டில் இருக்கும் ஃபுளோரைடும் போய்விடும் என்றாரே, அதுதான் ஜீரணமாகவில்லை. எங்கள் பரம்பரையில் பல் தேய்ப்பது என்பதே கொப்பளிப்பதற்கு ஒரு முன்னுரை. என் தாத்தா கொப்பளிக்கும் சத்தம் கேட்டுத்தான் தெருமுனை டீக்கடையில் பாய்லரைப் பற்றவைப்பார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள். "உமிக்கரிய விரல்ல தொட்டுத் தேய்ச்சவ நான். எத்தன பல்லு நிக்கிது பாரு" என்று வாயைத் திறந்தாள். எண்ணினேன். ஒன்பது. எல்லாம் நாட்டுச் செங்கல் நிறத்தில், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத தூரத்தில் நின்றன.

டாக்டரம்மா ஒரு மாத்திரையும் கொடுத்துவிட்டிருந்தார். மென்று, வாயில் சுழற்றித் துப்பினால், பிரஷ் படாத இடத்து அழுக்குப் படலமெல்லாம் சிவந்து காட்டிக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை நான், மகன், 11 வயது மகள் மூவரும் ஆளுக்கொன்று மென்றோம். மகளுக்கு அங்கங்கே புள்ளிதான். மகனுக்குக் கீழ்வரிசையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. பிறகு அவன் செல்போன் டார்ச்சை என் வாய்க்குள் அடித்தான். இவ்வளவு நேரம் ஒரு காரியத்தில் அவன் கவனம் நிலைத்து நான் பார்த்ததில்லை.

"ப்பா, உங்களுக்கு ஈறோரம் பூராவும் செவப்பு. பிரஷை நனைச்சுட்டு வந்துர்றீங்களா?"

அந்த மாத்திரை பல்லோடு நிற்காது, நாக்கையும் உதட்டையும்கூடச் சிவக்க வைக்கும் என்று கூடத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பத்தா எங்கள் மூன்று வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கை மெல்ல இடுப்புச் சுருக்குப்பைக்குப் போனது.

"எவண்டா எம் பையில கைய வச்சவன்?"