நன்றியுரைக்குப் பிறகுதான் டிபன்

போன ஞாயிற்றுக்கிழமை என் சகலையின் பணி நிறைவு விழாவில், என் இலையிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்துவிட்டார்கள். பரிமாறுகிற பையன் வைத்துவிட்டு நகரக்கூட இல்லை. பின்னால் நின்றிருந்த சின்ன மாமியார் குனிந்து, இரண்டே விரலால் அதைத் தூக்கிப் பக்கத்து இலையில் போட்டார். பக்கத்து இலைக்காரர் ஏற்கெனவே ஒன்றைத் தின்று முடித்தவர். மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

“மாப்ளைக்கு சுகரு. யாரும் ஸ்வீட் வைக்காதீங்கப்பா!”

“இல்லத்தே, எனக்கு சுகர் இல்ல. லோ சுகர்.”

“லோவோ ஹையோ, சுகரு சுகருதானே மாப்ளே? நாமதான் வாயைக் கட்டணும்.”

பந்தியே திரும்பிப் பார்த்தது. எதிர்வரிசையில் நாலைந்து பேர் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். அவர்கள் இலையில் ஜாங்கிரி இருந்தது. கடைசியில் எனக்கென்று தனியாகச் சொல்லி, சர்க்கரை போடாத காபி ஒரு டம்ளர் வரவழைத்தார்கள்.

என் ஹார்மோன் டாக்டரும் ஜாங்கிரி பக்கம் போகாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். அது வேறு விஷயம். அவர் படித்துவிட்டுச் சொல்கிறார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறார், எல்லாவற்றுக்கும் மேலாக மெதுவாகச் சொல்கிறார்.

நான் இங்கே எழுத வந்தது கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பற்றி. முக்கியமான சமாசாரம். கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் என் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்கள் பெரும்பான்மை. அவர்களுக்கென்று தனி அரிசி உண்டு, தனி பிஸ்கட் உண்டு, கல்யாண மண்டபத்தில் தனி காபி டிரம் உண்டு, பூங்காவில் தனி பெஞ்சும் உண்டு. காலை நடை முடிந்ததும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் எண்களை ஒப்பிப்பார்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, மூன்று மாத சராசரி எவ்வளவு. 140 என்றால் “பரவால்ல.” 200 என்றால் “பாத்துக்குங்க.” 300 சொன்னவருக்கு நடுவில் இடம் விடுவார்கள். ஒருநாள் என் முறை வந்தது. “58” என்றேன். “பார்த்தா அவ்வளவு தெரியல சார், நல்லாத்தான் வச்சிருக்கீங்க உடம்பை” என்றார் ஒருவர். வயதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

58 என்பது வயதுக்குப் பெரியது, ரத்தச் சர்க்கரைக்குச் சின்னது. 70க்குக் கீழே போனாலே தாழ்ந்துவிட்டது என்று கணக்கு. 54க்குக் கீழே என்றால் விளையாட்டில்லை. எனக்கு வருகிற வகை பட்டினியால் வருவதில்லை. சாப்பிடுவதால் வருவது. வெள்ளைச் சோறோ இனிப்போ மூக்குமுட்டப் போனால் சர்க்கரை சரசரவென்று ஏறும். உடனே கணையம் இன்சுலினை அள்ளி விடும். அது கடன் வசூலுக்கு வந்தவன் பாக்கியோடு பீரோவையும் சேர்த்துத் தூக்கிப் போன கதையாக, ஏறியதையும் எடுத்து, ஏற்கெனவே இருந்ததையும் எடுத்துவிடும். சாப்பிட்ட இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண்ணில் படுகிறவர்கள் எல்லாரும் அயோக்கியர்களாகத் தெரிவார்கள். சாப்பிட்டதால் பசிக்கிறது என்று சொல்லும் ஒருவனை எந்த வீட்டில் நம்புவார்கள்?

டாக்டர் நம்பினார். ஆனால் அவரும் நிரூபணம் கேட்டார். 1938இல் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதற்கு மூன்று நிபந்தனை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று, தொந்தரவுகள் தெரிய வேண்டும். இரண்டு, அதே நேரத்தில் சோதித்தால் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். மூன்று, சர்க்கரையை ஏற்றியதும் தொந்தரவு போய்விட வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் நோய்.

இதை வீட்டில் விளக்கியது என் போதாத காலம். மனைவி மிகுந்த கவனத்தோடு கேட்டாள். “முதல் ரெண்டும் சரியா இருக்குங்க. மூணாவதுதான் இடிக்குது. சாப்பிட்டப்புறமும் நீங்க அப்படித்தானே கத்துறீங்க?”

அதோடு எனக்கு தைராய்டும் உண்டு. “தைராய்டா? அது லேடீஸுக்குத்தானே சார் வரும்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி என் தைராய்டு மேலும் சோர்ந்துவிட்டது. என் சுரப்பியை என் உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்குகிறதாம். 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்த கோளாறு. அவர் பார்த்த நோயாளிகளும் பெண்கள்தான் என்பதால் உறவினர்களை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் காலை நேரம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. காபியும் கூடாது, மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். லோ சுகர்காரனோ வெறும் வயிற்றில் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் சுண்டலோ முட்டையோ உள்ளே போக வேண்டும். ஒரு சீட்டில் “சாப்பிடாதே”, இன்னொரு சீட்டில் “சாப்பிடு.” இரண்டுக்கும் கீழே ஒரே டாக்டரின் கையெழுத்து. அந்த ஒரு மணி நேரம் நான் சமையலறை வாசலில் நின்று, டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது என்னிடம் யாரும் கரண்ட் பில் பற்றிப் பேசுவதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது விழா. நம் ஊரில் எந்த விழாவாக இருந்தாலும், டிபன் தயாராகிவிட்டது என்று சாம்பார் வாசனை சொல்லும். டிபன் கிடையாது என்று மேடை சொல்லும்.

சகலையின் விழாவையே எடுத்துக்கொள்வோம். அழைப்பிதழில் மாலை 5 மணி. கிளம்பும்போது இரண்டு இட்லி கேட்டேன். “அங்க டிபன் சாப்பிடத்தானே போறோம், இங்க எதுக்கு?” என்றாள் மனைவி. போய் உட்கார்ந்தோம். சிறப்பு விருந்தினர் “கிளம்பிட்டாராம்.” பிறகு “வந்துட்டே இருக்காராம்.” பிறகு “பக்கத்துல வந்துட்டாராம்.” அந்தப் பக்கத்திலிருந்து மண்டபத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தமிழ்த்தாய் வாழ்த்து. என் ரத்தத்தில் அப்போது 90 இருந்திருக்கும். கம்பீரமாக நின்றேன்.

வரவேற்புரை. மேடையிலிருக்கும் ஒவ்வொருவரையும் பெயர், பட்டம், முன்னாள் பதவி, இந்நாள் பதவியோடு “வருக வருக” என்றார்கள். வந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். 80ஐ நெருங்கும்போது கணையம் தானாக இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். எங்கே நிறுத்துவது என்று அதற்காவது தெரிகிறது.

பொன்னாடை. மேடையில் இருப்பவர் எல்லாருக்கும் உண்டு. போர்த்துபவரை முதலில் அழைக்க வேண்டும், அவர் பின்வரிசையிலிருந்து வர வேண்டும், சால்வையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டும், பிரியாது, பல்லால் கடிக்க வேண்டும், போட்டோகிராஃபர் “சார், இன்னொரு தடவை” என்று கேட்க வேண்டும், போர்த்தியதைக் கழற்றி மறுபடி போர்த்த வேண்டும். 70. இந்த இடத்தில் கணையம் குளுக்ககான் என்ற வேறொரு ஹார்மோனை அனுப்பிக் கல்லீரலின் கதவைத் தட்டும்: இருப்பு வைத்திருக்கிறாயே, எடு என்று. கல்லீரல் எடுத்துக் கொடுக்கும். அது போதாமல் அட்ரினலினும் கிளம்பும். நடுக்கம், படபடப்பு எல்லாம் அந்த அட்ரினலின் செய்கிற வேலை.

வாழ்த்துரை. “எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்” என்று ஆரம்பித்தவர், அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னார். அடுத்தவர் “நேரத்தின் அருமை கருதி” என்று தொடங்கி, நேரத்தின் அருமையைப் பற்றியே பேசினார். மூன்றாமவர் “இறுதியாக” என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருக்கு மூன்று இறுதிகள் இருந்தன. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் தேவை என்று சொல்கிறார்கள். எல்லா மூளைக்கும் அவ்வளவு தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

இதற்கு நடுவே மேடைக்கு மட்டும் தட்டுகள் போயின. முந்திரி, மில்க் பிக்கிஸ், மாம்பழ ஜூஸ். சிறப்பு விருந்தினர் பேச்சைக் கூர்ந்து கேட்கிற பாவனையில் கன்னத்தில் கை வைத்து, அந்தக் கைக்குள்ளிருந்து முந்திரியை ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

60ஐத் தாண்டிவிட்டது என்பது காலரில் தெரிந்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும், குளுக்கோஸ் பவுடரை மருந்துக் காகிதத்தில் மடித்தது. முன்பு தேன் மிட்டாய் வைத்திருந்தேன். அது உருகிப் பையின் மூலையில் ஒட்டும். எறும்புகள் பொத்தான் வரிசையைப் பிடித்து மேலே ஏறி வரும். அதனால் பவுடர். நடுங்குகிற கையோடு மடிப்பைப் பிரித்தேன். பாதி வேட்டியில் விழுந்தது. மீதியை அண்ணாந்து வாயில் கொட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததை நாக்கால் நக்கினேன். பக்கத்து நாற்காலிக்காரர் தன் பேரனை மெதுவாக அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்.

ஏற்புரையில் சகலை, தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த ஒவ்வொரு மேலதிகாரிக்கும் நன்றி சொன்னார். நன்றியுரையில் மைக் செட், நாற்காலி, ஜமுக்காளம், “இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்த உங்களுக்கும்” நன்றி சொன்னார்கள். பொறுமையாக இருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் சாப்பாட்டு ஹாலின் ஷட்டர் ஏறியது. அதற்கப்புறம்தான் இலை. இலையில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்னை விடுங்கள். என்னிடம் பொட்டலம் இருந்தது, கோபமும் இருந்தது. அந்த ஹாலில் இருந்த பெரும்பான்மைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை தாழ்ந்து ஆபத்தில் மாட்டுவதில் முக்கால்வாசி பேர் என்னைப் போன்றவர்கள் அல்ல, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள்தான். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். ஊசிக்குத் தெரியாது, இன்னும் ஒருவர் மட்டும் பேசப் போகிறார் என்று. எட்டு மணிக்குச் சாப்பாடு என்று நம்பி ஊசி போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், மூன்றாவது இறுதியின்போது தலை தொங்கிப் போய் உட்கார்ந்திருந்தால், “பேச்சு அவ்வளவு உருக்கம்” என்றுதான் மேடையில் நினைப்பார்கள்.

கார்ட்டிசால் பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மேலே சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நான் சுண்டல் சாப்பிட்டு இரண்டரை மணி நேரமாகிறது.

ஆகவே விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டிபனை முதலில் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கிளம்பிவிடுமே என்று பயப்படாதீர்கள். கிளம்பத்தான் செய்யும். பேச்சைக் கேட்க வந்தவர் யார், வடைக்கு வந்தவர் யார் என்று ஒரு நாளாவது தெரியட்டுமே.

அதற்கு மனம் வரவில்லை என்றால் இதையாவது செய்யுங்கள். அரங்கில் யாராவது வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தால், அல்லது கேட்ட கேள்விக்குப் புரியாத பதில் சொன்னால், அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் சேரவிடாது. 15 நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு டம்ளர். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டால், தயவுசெய்து அறிவுரை மட்டும் சொல்லாதீர்கள். பாவம், அவர் இவ்வளவு நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.