செத்த கெர்னலின் புள்ளிவிவரம்

கணினிக் கட்டமைப்பில் ஆராய்ச்சி செய்கிறவனுக்கும் நிஜக் கணினிக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்னும் யாரும் செய்யாத ஒரு ப்ராசசரை மென்பொருளாகவே கட்டி, அதற்குள் லினக்ஸை எழுப்பி, அதன் தலையில் பெஞ்ச்மார்க்கை ஏற்றி, "பாருங்கள், வேகம் கூடியிருக்கிறது" என்று பேப்பர் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. இதற்கு ஊர் உலகமெல்லாம் புழங்கும் சிமுலேட்டர் ஜெம்5. மிச்சிகன் பல்கலைக்கழகத்து எம்5, விஸ்கான்சினின் ஜெம்ஸ் என்ற இரண்டையும் சேர்த்துச் செய்தது.

இதில் காலம் ஓடுகிற அழகே தனி. நிஜ ப்ராசசர் நொடிக்கு இருநூறு கோடி முறை துடிக்கும். சிமுலேட்டரின் விரிவான மாடலில் நொடிக்கு இரண்டு லட்சம் கட்டளைகள் நகர்ந்தால் அன்றைக்கு நல்ல நாள். கணக்குப் போட்டால், உள்ளே ஒரு நொடி கழிய வெளியே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதனால் க்ராஷ் கூடப் பதறாமல்தான் வரும். 3456-ஆம் போர்ட்டில் கன்சோலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கைவிரித்துவிட்டது என்று சொல்லும் 'கெர்னல் பேனிக்' என்பதை அது தந்தி அடிக்கிற மாதிரி விட்டு விட்டு அச்சடிக்கும். முதல் சொல் வந்ததுமே விஷயம் புரிந்துவிடும். மீதியை மரியாதைக்காகப் படிக்க வேண்டும்.

மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் வேலை பார்த்த டாம் வான் விளெக், தான் எழுதுகிற நிரலில் பாதி பிழையிலிருந்து மீள்வதற்கே போய்விடுகிறது என்று யூனிக்ஸைச் செய்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம் சொன்னாராம். யூனிக்ஸில் அந்த வம்பே இல்லை, பேனிக் என்று ஒன்று வைத்திருக்கிறோம், அது வந்தால் மெஷின் படுத்துவிடும், வராந்தாவைப் பார்த்து 'ரீபூட் பண்ணுப்பா' என்று கத்தினால் போதும் என்றாராம் ரிச்சி. பெரிய மனிதர், கத்தியிருப்பார். இங்கே கத்தினால் பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்துவார்.

போதாக்குறைக்கு இங்கே பேனிக் இரண்டு வகை. உள்ளே இருக்கும் லினக்ஸ் மிரள்வது ஒன்று, வெளியே சிமுலேட்டரே மிரள்வது இன்னொன்று. சிமுலேட்டரிடம் ஒரு நாகரிகம் உண்டு: தன் நிரலில் கோளாறு என்றால் 'பேனிக்' என்று சொல்லும், ஓட்டுகிறவன் செய்த கோளாறு என்றால் 'ஃபேட்டல்' என்று சொல்லும். இவ்வளவு ஒளிவுமறைவின்றி யார் மேல் தப்பு என்று சொல்கிறவர்கள் எங்கள் துறையிலேயே கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் கெர்னல் மிரண்டால், நான் ஓட்டிய சிமுலேட்டர் வாயைத் திறக்காது. அது அவர்கள் வீட்டு விவகாரம்.

எனக்கு வாய்த்தது இந்த ரகம். லினக்ஸ் நன்றாக எழுந்தது. பார்செக் தொகுப்பிலிருந்து கேனீல் என்ற பெஞ்ச்மார்க்கைப் பெரிய உள்ளீட்டோடு ஏவினேன். கெர்னல் விழுந்தது. இதே டிஸ்க் இமேஜ் கியூஎமு என்ற எமுலேட்டரில் ஜம்மென்று ஓடியது. "கியூஎமுவில ஓடுதேண்ணே!" என்று சீனியரிடம் முறையிட்டேன். எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான், அவரும் பழகிப்போனவர்.

"எவ்வளவு மெமரி குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலியே."

"அப்ப ஐநூத்திப் பன்னெண்டு எம்பி. அதுல கெர்னல் இருக்கறதே பெரிசு."

நான்கு ஜிபி என்று எழுதினேன். சிமுலேட்டர் மறுத்துவிட்டது. எக்ஸ்86 பலகையில் மூன்றாவது ஜிபிக்கு மேலே உள்ள முகவரிகள் சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டவையாம், மூன்றோடு நிறுத்திக்கொள் என்றது. பதினாறு ஜிபி லேப்டாப்பில் உட்கார்ந்து, எதிர்காலத்து ப்ராசசருக்கு மூன்று ஜிபியை அளந்து ஊற்றினேன்.

இப்படிக் காரணம் சட்டென்று அகப்படாத க்ராஷுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் மாற்றாமல் திரும்ப ஓட்டினால் அதே டிக்கில், அதே முகவரியில் வந்து விழும். ஒரு டிக் என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நேரந்தவறாமையை நான் எந்தப் பேருந்திலும் பார்த்ததில்லை. அந்த டிக்குக்குச் சற்று முன்னாலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பதியச் சொன்னால் குற்றவாளி அகப்படுவான். தொடக்கத்திலிருந்தே பதியச் சொன்னால் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிடும், குற்றவாளி வருவதற்குள்.

இதைவிடப் பெரிய கூத்து வேறு. மிரண்ட கெர்னல் ஓடுவதை நிறுத்துவதில்லை. ரீபூட் ஆகும்படி சொல்லி வைக்காவிட்டால் ஒரு சின்னச் சுழற்சியில் மாட்டிக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சிமுலேட்டரும் அதைச் சிரத்தையாக, துடிப்புத் துடிப்பாக, சனி ஞாயிறு பாராமல் கணக்கெடுக்கும். சுழற்சி சின்னது என்பதால் முழுவதும் கேஷுக்குள் அடங்கிவிடும். திங்கள்கிழமை புள்ளிவிவரக் கோப்பைத் திறந்தால் கேஷில் 'மிஸ்' என்பதே இல்லை, எந்தப் பேப்பரிலும் பார்த்திராத முடிவு. "எண் ரொம்ப அழகா இருந்தா கைடுகிட்ட ஓடாதே, முதல்ல கன்சோலைப் பாரு" என்பது சீனியர் எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கும் முதல் பாடம்.

அப்படி ஒரு செத்த கெர்னல் சர்வரில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி வந்தார்.

"தம்பி, ரெண்டு நாளா மெஷின் கொதிக்குது. இதை நேரா அந்த ப்ராசசர்லயே ஓட்டிப் பார்க்கக் கூடாதா?"

"அது இன்னும் பொறக்கவே இல்ல அண்ணாச்சி."

அவர் ஏசியை இரண்டு டிகிரி குறைத்தார்.

"பொறக்காததுக்கே இவ்வளவு கரண்டா?"