முதுகுப்பையாரின் புதுச்சேரி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் இரவுப் பேருந்து, விடிவதற்கு வெகு முன்பே புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து தள்ளிவிடும். தூக்கம் கலையாத கூட்டத்தில் ஒருவர் மட்டும் வெற்றிப் புன்னகையோடு இறங்குவார். ஓர் இரவு அறை வாடகையை ஜன்னலோர இருக்கையிலேயே கழித்துவிட்ட பெருமை அது. முதுகில் ஆளை மறைக்கும் பை. அதன் விலையை மட்டும் கேட்டுவிடாதீர்கள். மொத்தப் பயணச் செலவைவிட அதிகம்.

இவர்தான் முதுகுப்பையார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோவொரு கண்ணாடிக் கட்டடத்தில் நல்ல சம்பளம். வெள்ளிக்கிழமை இரவு பையை மாட்டினால் மட்டும் பரதேசி.

“பீச்சா தம்பி? ஏறுங்க” என்பார் ஆட்டோக்காரர்.

“எவ்வளவுண்ணா?”

தொகையைக் கேட்டதும் நம்மவர் முகத்தில் பரிதாபம் படரும், ஆட்டோக்காரருக்காக. பிறகு நடப்பார்.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. நடுச்சாலையில் காலை நீட்டி உட்காரலாம். காந்தி சிலை, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், பழைய கலங்கரை விளக்கம், சூரிய உதயம் எல்லாமே ஓசி. சும்மா சொல்லக்கூடாது, கஞ்சர்களை இவ்வளவு மரியாதையாக நடத்தும் ஊர் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அவருக்கு ஒரு குறை: “என்னங்க, பீச்சுல பெரும்பாலும் பாறையாவே இருக்கு?” 1989இல் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்துக்கொண்டன, கரை அரித்துப் போனது, பிறகுதான் பாறைகளைக் கொட்டினார்கள் என்று நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் விளக்குவார். கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருப்பதையும் காட்டுவார். வழிகாட்டிக்குக் காசு கொடுக்காமலே விளக்கம் கிடைத்த மகிழ்ச்சியில் நம்மவர் பாதியைக் கவனித்திருக்க மாட்டார்.

தங்குமிடத்தில்தான் சிக்கல். இந்த ஊரில் மலிவாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, வரி குறைவால் பீர். மற்றது, அரவிந்தர் ஆசிரமத்து விருந்தினர் விடுதி. கடலைப் பார்த்த சுத்தமான அறை, நியாயமான வாடகை. ஆனால் மதுவும் புகையும் கூடாது, இரவில் நேரம் கடந்தால் கதவும் திறக்காது. இரண்டு சிக்கனத்தையும் ஒரே இரவில் அனுபவிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவர் படும் பாடு இருக்கிறதே, முதல் நாள் முழுக்க அந்தக் கணக்கிலேயே போய்விடும். கடைசியில் பதினாறு பேர் படுக்கும் பொது அறையில் மேல்கட்டில் எடுத்து, காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். “வித்தியாசமான அனுபவம்” என்று வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி பறக்கும். தொகையும் சேர்ந்தே பறக்கும். அவர் அனுப்பும் எந்தப் படமும் விலையில்லாமல் போவதில்லை.

மறுநாள் வாடகை சைக்கிள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீட்டுக்குள் நுழைவார். 1908இல் ஊருக்கு வந்து பத்து ஆண்டுகள் இங்கேயே இருந்த கவிஞர் ‘குயில் பாட்டு’ எழுதியது இந்த ஊரில்தான் என்ற செய்தி அவரை அசைப்பதில்லை. சமையலுக்கு மனைவி செல்லம்மாள் வைத்திருந்த அரிசியைக் கவிஞர் குருவிகளுக்கு வாரி இறைத்த கதைதான் உலுக்கிவிடும்.

“கடன் வாங்கின அரிசியையா சார்?”

பக்கத்தில் நிற்பவர் தலையசைப்பார். நம்மவர் சிறிது நேரம் பேசமாட்டார்.

பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கும் போவார், நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால். ஆற்றங்கரைத் தோப்பில் சில செங்கல் சுவர்கள். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மட்பாண்டங்களைக் கொண்டு காலத்தைக் கணித்த இடம். தங்கள் பணமெல்லாம் இந்தியச் சரக்குக்காகக் கரைகிறது என்று ரோமாபுரியில் பிளினி புலம்பியது இப்படிப்பட்ட துறைமுகங்களை நினைத்துத்தான். அங்கிருந்து ஒரு பைசா கரையாமல் திரும்பிய வணிகர் எவரும் இருந்திருக்க மாட்டார். முதுகுப்பையார் திரும்புவார். தண்ணீரைக்கூட விடுதியிலேயே நிரப்பிக்கொண்டு வந்தவர்.

ஆனால் மதியத்தில் சரிவு காத்திருக்கிறது. மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், காகிதப்பூ கொடி தொங்கும் துமாஸ் வீதிப் பக்கத்துக் காபிக் கடை ஒன்று. ஆட்டோவில் மிச்சம் பிடித்தது, டெம்போவில் மிச்சம் பிடித்தது, இட்லிக் கடையில் வடையைத் தவிர்த்து மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரு குவாசானும் ஒரு குளிர்ந்த காபியுமாக மேசைக்கு வரும். ரசீதுக்கு மட்டும் படம் எடுக்க மாட்டார். குழுவில் யாராவது “எவ்ளோடா?” என்றால் நெட்வொர்க் கிடைக்கவில்லை.

பிறகு ஆரோவில். மாத்ரிமந்திரின் தங்கக் கோளத்தைத் தூரத்திலிருந்து பார்க்க அனுமதிச் சீட்டு இலவசம் என்றதும் வெயிலில் நடக்கும் தூரத்தை அவர் பொருட்படுத்துவதில்லை. அந்த நிலம் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. குளிக்கப் போகும் செரினிட்டி கடற்கரையும் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்தில்தான். ஆக, ‘பாண்டிச்சேரி பயணம்’ என்று அவர் பதிவிடும் படங்களில் பாதி தமிழ்நாடு.

ஞாயிறு மாலை திரும்பும் பேருந்து. நடத்துநர் சீட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கொடுத்து, “இறங்கும்போது வாங்கிக்கப்பா” என்கிறார். ஐந்து ரூபாய். மரக்காணத்து உப்பளங்கள் இடப்பக்கமா வலப்பக்கமா என்றுகூடப் பார்க்காமல், சென்னை வரும்வரை முதுகுப்பையார் நடத்துநரின் தோள்பையையே பார்த்துக்கொண்டு வருகிறார்.