பட்டிக்கு ஒரு தரை வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பசு இரண்டு லீற்றர் கூடக் கறப்பதில்லை. விற்றுவிட்டு ஜேர்சி வாங்கட்டுமா? (வாசகர், பரந்தன்)

பதில்: ஜேர்சி பாலோடு மட்டும் வராது, பெரும் பசியோடும் வரும். முதலில் கோ-3 புல் நடுங்கள். 2017இல் வெளிநாட்டிலிருந்து 5,000 சினை மாடுகள் கப்பலில் இலங்கைக்கு வந்தன. நோயும் சாவும் கடனுமே மிஞ்சின என்று வாங்கியவர்கள் பலர் முறையிட்டார்கள். வன்னி வெயிலுக்கும் உண்ணிக்கும் பழகிய உங்கள் பசுவுக்கே மிருக வைத்தியரைக் கொண்டு ஜேர்சி அல்லது சாகிவால் சினை ஊசி போடுங்கள். பசு காலையில் கத்தி அலைந்தால் அன்று பின்னேரமும், பின்னேரம் அலைந்தால் மறுநாள் காலையிலும் போட வேண்டும். பிறக்கும் நாகு உங்களுக்கு நல்ல முதல்.

கேள்வி: தவிடும் புண்ணாக்கும் குறைவில்லை. பால் மட்டும் ஏன் குறைகிறது? (வாசகி, முள்ளியவளை)

பதில்: தண்ணீர் வாளியைப் பாருங்கள். சுற்றிலும் பாசி, மேலே இரண்டு வண்டு, மாட்டுக்கு எட்டாத தூரம் என்றிருந்தால் காரணம் அதுதான். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். வாளியில் இல்லாதது மடியில் சுரக்காது. நாள் முழுக்க நிழலில் நல்ல தண்ணீர் நிற்கட்டும்.

கேள்வி: கட்டாக்காலி மாடுகள் என் வயலைத் தின்கின்றன. யாரில் பிழை? (விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: மாட்டுக்குக் காணி உறுதி வாசிக்கத் தெரியாது. காலபோகம் விதைத்ததும் வயல் அடைபடும். காட்டுக்குள் போனால் அங்கேயும் தடை. பிறகு பட்டி எங்கே போகும்? 2009இல் போரின்போது கயிற்றை அவிழ்த்துவிட்டு இடம்பெயர்ந்த சனம், மீளக்குடியேறியபின் குறிசுட்ட அடையாளத்தைப் பார்த்துக் காடு காடாக மாடு தேடியது. அப்படி மீட்ட பட்டிகளுக்கு மேய்ச்சல் தரை ஒதுக்கினால் உங்கள் வயலும் தப்பும்.

கேள்வி: குளிரில் மாடு சாகுமா? நம்ப முடியவில்லை. (மாணவர், வவுனியா)

பதில்: 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் குளிர் தாங்காமல் செத்தன. வயிறு ஒட்டிய மாடு நனைந்தபடி காற்றில் நின்றால் உடல் சூடு இறங்கிவிடும். பட்டியை மேட்டில் அமையுங்கள். வாடைப்பக்கம் கிடுகு வேலி அடையுங்கள். மாரிக்கு முன்பே வைக்கோலை நனையாமல் சேருங்கள். கன்றுகளை முதலில் உள்ளே கட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு மாடிருந்தும் நாம் ஏன் பால்மா கரைக்கிறோம்? (ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: புல்லுக்கு நிலம் ஒதுக்காத நாடு மாவுக்கு டொலர் ஒதுக்குகிறது. அந்த டொலர் தீர்ந்தபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றதை மறந்துவிடாதீர்கள். மாடு வளர்ப்போரே, அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்குச் சேர்ந்து போங்கள். எல்லை குறித்த மேய்ச்சல் தரை ஊருக்கொன்று கேளுங்கள். கிடைக்கும்வரை கேளுங்கள்.