வாசலில் பில் கேட்ஸ், வரிசையில் உங்கள் பிள்ளை

ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் துறை இருக்கும் கட்டடத்துக்கு பில் கேட்ஸ் பெயர். கார்னெகி மெல்லனில் கேட்ஸ். கார்னெலில் கேட்ஸ். டெக்சஸ் ஆஸ்டினில் கேட்ஸோடு மைக்கேல் டெல்லும் சேர்ந்து நிற்கிறார். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்ஸ் தம்பதியர் பெயரில் ஒரு மையம். எம்ஐடியில் ஒரு கோபுரமே உண்டு. ஹார்வர்டில் மட்டும் கொஞ்சம் அடக்கம். அங்கே கேட்ஸும் ஸ்டீவ் பால்மரும் பணம் கொடுத்து, தங்கள் தாய்மாரின் பிறந்தவீட்டுப் பெயர்களைக் கட்டடத்துக்கு வைத்தார்கள். அந்த ஹார்வர்டில்தான் 1975இல் கேட்ஸ் பட்டம் வாங்காமல் மூட்டையைக் கட்டினார். டெல் ஆஸ்டினில் முதலாண்டோடு நிறுத்திக்கொண்டவர். வாஷிங்டன் பல்கலையின் கணினிப் பள்ளிக்கு 2017 முதல், கேட்ஸோடு மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய பால் ஆலன் பெயர். அவரோ பள்ளிப் பையனாக இருந்தபோது அதே பல்கலையின் கணினிக் கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். பிறகு வேறொரு பல்கலையில் சேர்ந்து அதையும் பாதியில் விட்டவர்.

படிப்பை முடிக்காத பெருமக்களின் பெயர் பொறித்த இந்த வாசல்களுக்கு வெளியே, பட்டம் வேண்டும் என்று பதினேழு வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். பின்னால் அப்பா, அம்மா, ஓர் எக்செல் தாள். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டிலும் எடிசனிலும் பிளேனோவிலும் பொங்கல் விழாவுக்குப் போனால், தட்டோடு பக்கத்தில் வந்து உட்காருகிறவர் கேட்கும் இரண்டாவது கேள்வி, "அண்ணா, பையன் எங்கெல்லாம் போட்டிருக்கான்? சிஎஸ்தானே?" இல்லை, மானுடவியல் என்று சொல்லிப் பாருங்கள். துக்கம் விசாரிக்கிற குரலில், "பரவாயில்லைண்ணா, உள்ள போய் மாத்திக்கலாம்" என்று தேற்றுவார். உள்ளே போய் மாற்ற முடியாது என்பது அவர் பெண் உள்ளே போனபிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

எக்செல் தாளின் முதல் கட்டத்தில் எல்லாக் குடும்பமும் நிரப்புவது யு.எஸ். நியூஸ் தரும் ரேங்க். 1983இல் கல்லூரிகளுக்கு வரிசை எண் போடத் தொடங்கிய செய்தி இதழ் அது. செய்தி இதழின் வழக்கமான அச்சு 2010இல் நின்றுபோனது. பட்டியல் மட்டும் சிரஞ்சீவி. இளங்கலைக் கணினி அறிவியலுக்கு அது தனியாக ஒரு வரிசை வெளியிடுகிறது. எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். டீன்களுக்கும் மூத்த பேராசிரியர்களுக்கும் ஒரு படிவம் போகும். அடுத்த கல்லூரிகளின் துறைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும். வந்ததைக் கூட்டி வகுத்தால் தரவரிசை. வகுப்பில் எத்தனை பேர், பாடம் நடத்துவது யார், முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எதற்கும் அதில் இடமில்லை. ஐயோவாவில் இருக்கும் டீன், அட்லாண்டாவின் முதலாண்டு வகுப்பை எந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்? போன வருடப் பட்டியல்தான் அவருடைய ஜன்னல். ஊர்ப்பேச்சுக்குத் தசமப் புள்ளி வைத்து அச்சடித்தால் அதற்கு ஆய்வுமுறை என்று பெயர். அந்தத் தசமப் புள்ளிக்காக, 3.9 வாங்கிய துறையை விட்டு 4.1 வாங்கிய துறைக்கு வருடத்துக்கு முப்பதாயிரம் டாலர் கூடுதலாகக் கட்டத் தயாராக இருக்கிறார்கள், வேலையில் நாள் முழுக்கத் தரவைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் அப்பாக்கள்.

துறைப் பட்டியல்தான் அபிப்பிராயம், ஒட்டுமொத்தப் பட்டியலில் நிஜமான எண்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருந்தன. கொலம்பியா பல்கலைக்கழகம் அதில் இரண்டாம் இடத்தில் இருந்தது. இருபது பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. 2022 தொடக்கத்தில் அங்கேயே கணிதம் நடத்தும் மைக்கேல் தாடியஸ் என்ற பேராசிரியர், தன் சொந்த நிர்வாகம் கொடுத்த எண்களை எடுத்து, வெளியே கிடைக்கும் வகுப்புப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்கு உதைத்தது. செப்டம்பரில் பல்கலைக்கழகமே திருத்தி வெளியிட்ட எண் 57.2. அதே மாதம் வந்த பட்டியலில் அது 18ஆம் இடம். ஒரு செங்கல் பெயரவில்லை; பாடம் நடத்தியவர்கள் அவர்களேதான். ஒரே ஆண்டில் பதினாறு படி சறுக்கல். அடுத்த ஆண்டு, பட்டியலே எங்களுக்கு வேண்டாம் என்று கொலம்பியா கொள்கைவீரராக விலகிக்கொண்டது. மாணவர்கள் தொடுத்த வழக்கில் பிறகு 90 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை தன் மதிப்பெண் 57ஐ 82 என்று விண்ணப்பத்தில் எழுதினால் என்ன ஆகும்? சேர்க்கை ரத்து, பள்ளிக்குக் கடிதம், நாணயம் பற்றி ஒரு பிரசங்கம். பல்கலைக்கழகம் எழுதினால் தரவுப் பிழை.

சரி, பொய்யோ மெய்யோ, பட்டியல் தயார். கதவைத் தட்டலாம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் கணினி அறிவியலில் இடம் கிடைப்பதும் இரண்டு வேறு காரியங்கள். டெக்சஸில் 1997இலிருந்து ஒரு சட்டம் உண்டு. பள்ளியில் முன்வரிசையில் வந்தவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம். ஆஸ்டினுக்குள் வரலாம், நூலகத்தில் உட்காரலாம், கால்பந்துக்குக் கத்தலாம். கேட்ஸும் டெல்லும் நிற்கும் கட்டடத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. அதற்குத் தனி வடிகட்டல். பெர்க்லியில் நெடுங்காலம் வேறு விதமான கருணை நடந்தது. கலை, அறிவியல் கல்லூரிக்குள் எல்லோரையும் விடுவார்கள். முதல் மூன்று கணினிப் பாடங்களில் சராசரி 3.3 வாங்கினால் சிஎஸ் உனக்கு; 3.2 வாங்கினால் வேறு ஏதாவது பார்த்துக்கொள். அந்த மூன்றில் முதல் பாடத்தில் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் தலையில் மண் என்று பதினெட்டு வயதில் பழக்கும் முதல் பாடம் அது. 2023இலிருந்து அந்த ஏற்பாட்டை மாற்றி, விண்ணப்பிக்கும்போதே பொறுக்குகிறார்கள். உள்ளே விட்டு வெட்டியவர்கள் இப்போது வாசலிலேயே வெட்டுகிறார்கள். இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலோடு இன்னொன்றைக் கூட்டிப் பட்டம் தருகிறார்கள்: மொழியியல், தத்துவம், மானுடவியல், வானியல், இசை, ஏன், பயிர் அறிவியல்கூட. நல்ல யோசனைதான், நான் பாராட்டுகிற மிகச் சிலவற்றில் ஒன்று. ஆனால் வாழ்நாளில் ஒரு கத்தரிச்செடி வைத்திராத பிள்ளைகள், சோயா மொச்சை தம் கனவில் வருவதாகக் கட்டுரை எழுதும் கொடுமை அதன் பின்விளைவு. எந்த மேஜரில் கூட்டம் குறைவு, எதில் நுழைந்து எங்கே தாவலாம் என்று துப்புச் சொல்வதற்கென்றே தனியார் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வராத ஆர்வத்தை வரவழைத்து, செய்யாத சேவையைச் செய்யவைத்து, பத்தாம் வகுப்பிலேயே ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தலைவராக்கிவிடுவார்கள். ரிக் சிங்கர் என்பவர் இதே தொழிலைக் கொஞ்சம் தாராளமாகச் செய்து 2019இல் மாட்டினார். முன்வாசல் படிப்பால், பின்வாசல் பெரும் நன்கொடையால், நான் திறப்பது பக்கவாசல் என்பது அவர் விளக்கம். பக்கவாசலுக்குச் சிறை. பின்வாசல் இன்னும் திறந்திருக்கிறது. அதற்கு வரிவிலக்கும் உண்டு.

ஏன் இத்தனை பூட்டு? இடம் இல்லையாம். இவ்வளவு கட்டடம் எழுந்தும் இடம் இல்லாததற்குக் காரணம், உள்ளே நின்று பாடம் நடத்த ஆள் இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவரை நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போகின்றன. 2015இல் ஊபர், கார்னெகி மெல்லனின் ரோபாட்டிக்ஸ் மையத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது பேரை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. செல்வந்தர்கள் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள். கட்டடத்தில் பெயர் எழுதலாம். ஆசிரியர் நெற்றியில் எழுத முடியாதே! விளைவு, போன வருடம் அந்தப் பாடத்தை முடித்த மாணவர்களே இந்த வருட மாணவர்களுக்கு வாத்தியார், திருத்துநர், ஆறுதல் சொல்பவர் எல்லாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களில் 2022 நவம்பரில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் யார் என்று நினைத்தீர்கள்? இப்படிப் பாடம் நடத்தித் திருத்திக்கொடுத்தும் வீட்டு வாடகை கட்ட முடியாத ஆராய்ச்சி மாணவர்களும் உதவி ஆசிரியர்களும்தான். ஆறு வாரம் நீடித்தது. உலகத்தரக் கல்வி என்று பிரசுரத்தில் போடுகிறார்களே, அதை வகுப்பறைக்குத் தூக்கிவந்த தோள்கள் அவை.

விலைக்கு வருவோம். பெயர்பெற்ற தனியார் பல்கலைகளில் தங்கல், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டியாயிற்று. இது அட்டை விலை. உங்கள் விலை என்ன என்பது உங்கள் வருமானம், சேமிப்பு, வீட்டு மதிப்பு எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்புவித்தபிறகு அவர்கள் சொல்வது. ஏர்லி டெசிஷன் என்று ஓர் ஏற்பாடு. இடம் தந்தால் வந்தே தீருவேன் என்று நவம்பரிலேயே பிள்ளை, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். மற்ற கல்லூரிகள் என்ன தரும் என்று ஒப்பிட வழியே இல்லை. காசிமேடு மீன் சந்தையில்கூட விலை சொன்னபிறகுதான் பையை நீட்டுவோம். இங்கே பையைக் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, மீன்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இது போதாதென்று, உதவித்தொகையைக் கூடிப் பேசிக் குறைத்தார்கள் என்று யேல், பிரவுன், டியூக், கொலம்பியா உள்ளிட்ட மேட்டுக்குடிப் பல்கலைகள் மீது 2022இல் வழக்கு வந்தது. இந்த நான்கும் தவறை ஒப்புக்கொள்ளாமல் ஆளுக்குப் பல மில்லியன் டாலர் கட்டி முடித்துக்கொண்டன. ஒரு தவறும் செய்யாதவர்கள் இவ்வளவு பணம் கட்டுவது இந்தக் கல்விமான்கள் உலகத்தில் மட்டும்தான் நடக்கும்.

இத்தனையும் எதற்கு? வேலைக்கு. 2013இல் கோட்.ஆர்க் என்ற அமைப்பு தொடங்கியது. கேட்ஸும் ஜுக்கர்பெர்க்கும் காணொளியில் வந்து குழந்தைகளே நிரல் எழுதுங்கள் என்றார்கள். அதிபர் ஒபாமாவும் சொன்னார். அன்றைக்கு ஐந்து வயதாக இருந்த குழந்தைதான் வளர்ந்து விண்ணப்பம் நிரப்புகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குக் கணினிப் பட்டம் வாங்குவோர் சுமார் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போனார்கள். 2022 நவம்பரில் ஜுக்கர்பெர்க் தன் நிறுவனத்திலிருந்து 11,000 பேரை வெளியே அனுப்பினார். இரண்டு மாதத்தில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000. 2024இல் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் துபாயில் மேடையேறி, இனி யாரும் நிரல் எழுதக் கற்கத் தேவையில்லாதபடி செய்வதே தங்கள் வேலை என்றார். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் 2025இல் வெளியிட்ட கணக்கில், புதிதாகப் பட்டம் பெற்றவர்களில் வேலையில்லாதோர் கணினி அறிவியலில் 6.1 சதவீதம், கலை வரலாற்றில் 3 சதவீதம். பொங்கல் விழாவில் "சிஎஸ்தானே?" என்று கேட்டவர் இந்த எண்ணைத் தன் எக்செல் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவார்?

கூப்பிட்டவர்களுக்கு நட்டமில்லை. ஆள் பெருகினால் கூலி குறையும். அது அவர்களுக்கு லாபம். முதலீட்டாளர் பீட்டர் தீல், கல்லூரியை விட்டு வரும் இளைஞர்களுக்கு லட்சம் டாலர் கொடுக்கும் திட்டத்தை 2011இல் தொடங்கினார். அவர் ஸ்டான்ஃபோர்டில் தத்துவமும் பிறகு சட்டமும் படித்துப் பட்டங்களைப் பத்திரமாக வைத்திருப்பவர். பல்கலைக்கழகத்துக்கும் நட்டமில்லை, இடம் மறுத்த விண்ணப்பத்துக்கும் எழுபது எண்பது டாலர் கட்டணம் வந்துவிட்டது, மறுத்த எண்ணிக்கை கூடக்கூட மவுசும் கூடுகிறது. பத்திரிகைக்கு அடுத்த செப்டம்பர் இருக்கிறது. பொறுப்பு முழுவதும், தேர்ந்தெடுத்தது நீதானே என்று சொல்லி, அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில்.

இவர்கள் வெட்கம் கெட்டவர்கள் என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் அடுத்த கோடையில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள். சிஎஸ் கனவோடு வேறு மேஜரில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மாற முடிந்தது? முதலாண்டு நிரலாக்கப் பாடத்தில் எத்தனை பேர், நடத்துவது யார்? போன வருடம் முடித்தவர்களில் இன்னும் வேலை தேடுபவர் எத்தனை பேர்? நம்மைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வழிகாட்டும் அந்த மாணவி, முகத்தில் புன்னகை மாறாமல், சாப்பாட்டுக்கூடத்தில் சைவ உணவு உண்டு என்பாள்.